நிழல் ஒன்று, ஆங்கிலச் சொல் இரண்டு: ‘ஷேட்’, ‘ஷேடோ’ முழுமையான வழிகாட்டி

தனுஷ்கோடியில் சித்திரை மாத நண்பகல். 1964 டிசம்பர் புயலில் கூரையை இழந்த தேவாலயத்தின் பக்கத்தில் சங்கும் பாசிமாலையும் விற்கும் ஓலைக் கடைகள். வேனில் ஆட்களை ஏற்றி வந்து ஊரைச் சுற்றிக் காட்டும் தம்பி ஒருவன், என்னிடம் மாலை வகுப்பில் படித்தவன், வெளிநாட்டுத் தம்பதியை அக்கறையோடு கூப்பிட்டான். “சார், மேடம், ப்ளீஸ் கம், ஸ்டாண்ட் இன் ஷேடோ.” அவர்கள் இரண்டு பேரும் குனிந்து தரையைப் பார்த்தார்கள். எதன் நிழலில் நிற்கச் சொல்கிறான் என்று புரியவில்லை. அவன் ஓலைக் கூரையைக் கையால் காட்டிய பிறகுதான் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள்.

அப்புறம் என்னிடம் வந்து கேட்டான். “டீச்சர், நிழலுக்கு ஷேடோன்னுதானே சொல்லிக் கொடுத்தீங்க? தப்பா சொல்லிட்டேனா?”

தவறு அவனுடையது அல்ல. சின்ன அகராதி எதைத் திறந்தாலும் ‘ஷேட்’ என்றால் நிழல், ‘ஷேடோ’ என்றாலும் நிழல் என்றுதான் இருக்கும். அதற்கு மேல் ஒரு வரி விளக்கம் இருக்காது. தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பல வருடமாக ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். இந்த இடத்தில் தடுக்கி விழாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. அதனால் நிதானமாக, படிப்படியாக எழுதுகிறேன். கையில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

தொடங்கும் முன் ஒரு விஷயம். ஆங்கிலத்திலும் இது ஒரு காலத்தில் ஒரே சொல்தான். நாம் ‘மரம்’ என்கிறோம். வேற்றுமை உருபு சேரும்போது அதுவே ‘மரத்து’ என்று மாறி ‘மரத்தை’, ‘மரத்தில்’ என்று வருகிறது அல்லவா? பழைய ஆங்கிலத்திலும் நிழலைக் குறித்த பெயர்ச்சொல், எழுவாயாக நின்றபோது ஒரு வடிவத்திலும், வேற்றுமை ஏற்றபோது வேறு வடிவத்திலும் இருந்தது. முதல் வடிவத்திலிருந்து ‘ஷேட்’ வந்தது, இரண்டாவதிலிருந்து ‘ஷேடோ’ வந்தது. ‘மரம்’ ஒரு சொல்லாகவும் ‘மரத்து’ தனிச் சொல்லாகவும் பிரிந்து, ஆளுக்கொரு பொருளை எடுத்துக்கொண்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் அங்கே நடந்தது. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதால்தான் சாயல் இவ்வளவு ஒத்துப்போகிறது.

முதல் படி: ஆங்கிலத்தை விடுங்கள், தமிழ் வினையைப் பாருங்கள்

தமிழில் இந்த வேறுபாடு இல்லை என்று பலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம்மிடம் அது நன்றாகவே இருக்கிறது. பெயர்ச்சொல்லில் தேடினால் கிடைக்காது, வினைச்சொல்லில் இருக்கிறது.

நிழலில் ஒதுங்குகிறோம், உட்காருகிறோம், இளைப்பாறுகிறோம், கீரையைக் காய வைக்கிறோம். மரம் நிழல் தருகிறது. வெயிலில் நடப்பவர் நிழலைத் தேடுகிறார். இந்த வினைகள் வந்தால் ஆங்கிலத்தில் ‘ஷேட்’.

நிழல் விழுகிறது, நீள்கிறது, அசைகிறது, சுவரில் படுகிறது, கூடவே வருகிறது. இந்த வினைகள் வந்தால் ‘ஷேடோ’.

இன்னொரு முறை படித்துப் பாருங்கள். முதல் கூட்டத்தில் நிழல் ஓர் இடம், நாம் அதற்குள் போகிறோம். இரண்டாம் கூட்டத்தில் நிழல் ஓர் உருவம், அதுவே ஏதோ செய்கிறது. பெரும்பாலும் ‘நிழலில்’, ‘நிழலுக்கு’ என்று உருபோடு வந்தால் ஷேட் பக்கம் சாயும். நிழலே எழுவாயாக நின்று ஒரு வேலை செய்தால் ஷேடோ பக்கம் சாயும். ‘அங்கே நிழல் இருக்கு, வா’ என்பதில் நிழல் எழுவாய்தான், ஆனாலும் அது ஷேட். ஏனென்றால் ‘இருக்கு’ என்பது இடத்தைச் சொல்கிறது.

இது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. திருக்குறளில் 208ஆம் குறள், தீமை செய்தவனைக் கேடு விடாது, நிழல் காலடியை விட்டு நீங்காதது போல என்கிறது. அது ஷேடோ. 881ஆம் குறள், இனிய நிழலும் நீரும்கூட நோய் செய்தால் தீயவைதான் என்கிறது. அது ஷேட். இரண்டிலும் வள்ளுவர் எழுதிய சொல் ‘நிழல்’ ஒன்றுதான். படிக்கும் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. ஒன்று காலடியில் கிடக்கிறது, மற்றது தண்ணீரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. சுற்றியிருக்கும் சொற்களே வழி காட்டிவிடுகின்றன.

ஆகவே ஆங்கில வாக்கியம் எழுதும் முன் அதைத் தமிழில் ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். நிழல் என்ன செய்கிறது, அல்லது நிழலில் நாம் என்ன செய்கிறோம் என்று கேளுங்கள். பாதிப் பிழை அங்கேயே போய்விடும்.

இரண்டாம் படி: பனையையும் உடைமரத்தையும் மனதில் நிறுத்துங்கள்

நம் கரையில் வளர்ந்தவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

மண்டபத்திலிருந்து உச்சிப்புளி வரும் வழியில் காலை ஏழு மணிக்குப் பாருங்கள். ஒற்றைப் பனையின் நிழல் சாலையைக் கடந்து அந்தப் பக்கத்து மணல் வரை நீண்டு கிடக்கும். தண்டு ஒரு கோடு, கடைசியில் மட்டைகள் விரிந்த தலை. அந்தக் கோட்டில் போய் உட்காருங்கள். ஒரு தோள் நிழலில் இருக்கும், மறு தோள் வெயிலில் காயும். கொஞ்ச நேரத்தில் கோடு நகர்ந்துவிடும், நீங்களும் நகர வேண்டும். பனை வானளவு உயர்ந்தாலும் ஒருவர் இருக்க நிழல் ஆகாது என்று பள்ளியில் படித்திருப்போம். பனைக்கு ஷேடோ நீளம், ஷேட் மிகக் குறைவு.

இப்போது உடைமரத்துக்கு வாருங்கள். ராமேஸ்வரம் தீவின் மணல் காட்டில் குடை விரித்தது போல மேலே தட்டையாகப் படர்ந்து நிற்கும் முள்மரம். குட்டையான மரம்தான். ஆனால் நண்பகலில் ஆட்டுக்காரர் ஒருவரும் அவருடைய இருபது ஆடுகளும் அதன் கீழே நிற்கலாம். மணல் சுடாது, காற்று குளிர்ச்சியாக வரும். அது ஷேட். ஆங்கிலத்தில் அந்த மரத்தின் பெயரே ‘அம்ப்ரெல்லா தார்ன்’, குடை முள். குடையைக் குறிக்கும் அந்த அம்ப்ரெல்லா என்ற சொல்லும் நிழல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் இருந்துதான் வந்தது.

வெயிலிலிருந்து ஒதுங்கக் கிடைக்கும் மறைவும் குளிர்ச்சியும் ஷேட். ஒளியை ஒரு பொருள் மறிக்கும்போது தரையிலோ சுவரிலோ விழும் அதன் உருவம் ஷேடோ. ஷேடோவுக்கு ஒரு வடிவம் உண்டு, அது யாருடையது என்று சொல்ல முடியும். ஷேடுக்கு ஓரம் எங்கே என்று யாரும் பார்ப்பதில்லை.

ஒரே இடத்தை இரண்டு சொல்லாலும் சொல்லலாம் என்பதையும் மறக்க வேண்டாம். காலையில் தேவாலயச் சுவருக்கு மேற்கே விழும் இருண்ட பகுதியைப் படம் வரைபவர் ‘ஷேடோ ஆஃப் த வால்’ என்பார், வெயிலில் வந்தவர் ‘ஷேட் ஆஃப் த வால்’ என்பார். இருவரும் சரி. பார்க்கிற கண்ணுக்கு உருவம், களைத்த உடம்புக்கு மறைவு.

இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்க்க வருடத்தில் இரண்டு நாள் நமக்கு வாய்க்கிறது. ராமேஸ்வரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 9.3 பாகையில் இருக்கிறது. சித்திரை முதல் நாளை ஒட்டியும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நண்பகலில் நம் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும். நம் ஊரில் அது கடிகாரத்தில் பன்னிரண்டு மணிக்கு நடக்காது, பன்னிரண்டே காலை ஒட்டி நடக்கும். அப்போது முற்றத்தில் ஒரு கம்பை நேராக நட்டுப் பாருங்கள், அதற்கு நிழலே விழாது. ஆங்கிலத்தில் அந்த நாளுக்கு ‘ஜீரோ ஷேடோ டே’ என்று பெயர். ‘ஜீரோ ஷேட் டே’ என்று யாரும் சொல்வதில்லை. ஏனென்றால் அதே நிமிடத்தில் உடைமரத்தின் கீழே ஷேட் நிறையவே இருக்கிறது. கம்பின் ஷேடோதான் காணாமல் போனது. மாலை வகுப்புப் பிள்ளைகளோடு இதைச் செய்து பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாரும் இந்த இரண்டையும் மாற்றி எழுதவில்லை.

கிரகணத்திலும் இதே கணக்குதான். 2010 ஜனவரி 15 அன்று ராமேஸ்வரத்திலும் தனுஷ்கோடியிலும் சூரியன் நெருப்பு வளையமாகச் சுமார் பத்து நிமிடம் தெரிந்தது. அன்று நம் மேல் விழுந்தது நிலவின் ஷேடோ. ஊரே மங்கியதால் அதை ஷேட் என்று எழுதிவிடக் கூடாது.

மூன்றாம் படி: ‘அ’ போடலாமா, எந்த வினை, எந்த முன்னிடைச்சொல்

மறைவு என்ற பொருளில் ஷேட் எண்ண முடியாத சொல். தண்ணீர், மணல் போல. ‘அ ஷேட்’ என்று எழுதாதீர்கள். ‘சம் ஷேட்’, ‘ப்ளெண்ட்டி ஆஃப் ஷேட்’, ‘நோ ஷேட்’ என்று எழுதுங்கள்.

ஷேடோ எண்ணக்கூடியது. ‘அ ஷேடோ’, ‘டூ ஷேடோஸ்’, ‘மை ஷேடோ’. இரண்டு விளக்குக்கு நடுவே நின்றால் நமக்கு இரண்டு ஷேடோ விழுகிறதே, எண்ணித்தானே சொல்கிறோம். முகத்தில் பாதி இருட்டாக இருக்கும்போது ‘இன் ஷேடோ’ என்று ‘அ’ இல்லாமலும் வரும். படம் எடுப்பவர்கள் அப்படிச் சொல்வார்கள். ஆரம்பத்தில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

மரம் ஷேடை ‘கிவ்’ செய்யும், கூரை அதை ‘ப்ரொவைட்’ செய்யும். ஷேடோவை ஒரு பொருள் ‘காஸ்ட்’ செய்யும். வலை வீசுவதற்கும் அதே ‘காஸ்ட்’ தான். நம் பிள்ளைகளுக்கு நான் அப்படித்தான் நினைவில் வைக்கச் சொல்வேன்: வலையை வீசுவது போல மரம் தன் உருவத்தைத் தரையில் வீசுகிறது, தூண்டிலில் மீன் கிடைப்பது போல வெயிலில் நமக்கு ஷேட் கிடைக்கிறது.

நிழலில் உட்கார்ந்தோம் என்பதற்கு ‘வீ சாட் இன் த ஷேட்’. அந்த ‘த’ முக்கியம். மரத்தையும் சேர்த்துச் சொன்னால் ‘இன் த ஷேட் ஆஃப் அ ட்ரீ’. அந்த வேன் தம்பி சொல்லியிருக்க வேண்டியது ‘கம் இன்டு த ஷேட்’. இந்த நான்கு சொல்லை அவன் இப்போது சரளமாகச் சொல்கிறான்.

நான்காம் படி: உச்சரிப்பு

தமிழில் எழுதும்போது இரண்டுக்கும் ‘ஷே’ போட்டுவிடுகிறோம். ஒலி ஒன்றல்ல. ஷேட் என்பதில் வருவது ‘கேக்’ என்ற சொல்லில் வரும் ஏ. ஷேடோவில் வருவது ‘பேங்க்’, ‘டேக்ஸி’ என்று சொல்லும்போது வாய் அகலமாகத் திறக்கும் ஒலி. முதல் அசையை அழுத்தி, ‘டோ’வை லேசாக விடுங்கள்.

‘ஷெட்’ என்ற மூன்றாவது சொல்லும் குறுக்கே வரும். படகு எஞ்சின் பழுது பார்க்கும் கொட்டகை ஷெட். அது குறில், ஷேட் நெடில்.

ஐந்தாம் படி: வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சொற்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்

புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டியது குறைவு. ஜன்னலுக்கு மேலே வெயிலும் சாரலும் உள்ளே வராமல் நீட்டிக் கட்டுகிற பலகையைக் கொத்தனார் என்ன சொல்கிறார்? ‘சன்ஷேட்’. வெயிலைத் தடுப்பது ஷேட் என்பதற்கு இதைவிட நல்ல ஞாபகக் குறிப்பு இல்லை. நாற்றங்காலுக்கு மேலே கட்டும் பச்சை வலை ‘ஷேட் நெட்’. கடையில் 50 சதவீதம், 75 சதவீதம் என்று கேட்டு வாங்குகிறோம், எவ்வளவு வெயிலை மறிக்க வேண்டுமோ அவ்வளவு. விளக்கின் மேல் கவிழ்க்கும் கூடு ‘லேம்ப் ஷேட்’. எல்லாமே தடுக்கும் பொருட்கள், எல்லாமே ஷேட்.

நிறத்துக்கும் ஷேட்தான். கீழக்கரையிலோ ராமநாதபுரத்திலோ துணிக்கடையில் “இதே ஷேட்ல பிளவுஸ் பிட் எடுங்கக்கா” என்று கேட்காத பெண் உண்டா? பெயின்ட் கடையில் ‘ஷேட் கார்டு’ காட்டுகிறார்கள். ஒரே நிறத்தின் வெளிர், அடர் வேறுபாடுகள்தான் ஷேட். இந்தப் பொருளில் எண்ணலாம், ‘டூ ஷேட்ஸ் ஆஃப் ப்ளூ’ என்று சொல்லலாம். பாம்பன் பாலத்தில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா, இரண்டு நீலமும் ஒன்றாக இருக்காது. அந்த வேறுபாட்டைச் சொல்ல ஷேட் என்ற சொல் போதும். இமையில் பூசும் ‘ஐ ஷேடோ’ மட்டும் ஷேடோ. ஆனால் அது எந்த நிறம் என்று கேட்கும்போது ‘விச் ஷேட்?’ என்று கேட்க வேண்டும். ஒரே டப்பாவில் இரண்டு சொல்லும் வந்துவிடுகின்றன.

காய வைக்கும் தொழிலில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நம் மாவட்டத்து முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை வெயிலில் காய வைக்கிறோம், ‘சன் டிரைட்’. முருங்கை இலையைப் பச்சை போகாமல் இருக்க நிழலில் உலர்த்துகிறோம், ‘ஷேட் டிரைட்’. ஒரு கடையில் வாங்கிய முருங்கைப் பொடிப் பாக்கெட்டில் ‘ஷேடோ டிரைட்’ என்று பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. பொடி தரமாக இருந்தது, பெண்கள் உழைத்துச் செய்தது. அந்த ஒரு சொல்லால் வெளியூர்க்காரர் ஒருவர் அதை ஐயத்தோடு திருப்பி வைத்துவிடக் கூடாதே என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. லேபிள் அச்சுக்குப் போகும் முன் யாரிடமாவது காட்டிவிடுங்கள்.

தங்கும் விடுதி நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. மரங்கள் நிறைந்த இடம் என்று சொல்ல ‘ஷேடி’ என்று போடலாம், ‘ஷேடி கார்டன்’ நல்ல பொருள்தான். ஆனால் ‘ஷேடி ப்ளேஸ்’ என்று மட்டும் எழுதினால், நம்பத்தகாத இடம் என்றும் பொருள் வரும். ‘ஷேடி மேன்’, ‘ஷேடி டீல்’ என்றால் நேர்மையில்லாதது. விளம்பரத்தில் ‘ப்ளெண்ட்டி ஆஃப் ஷேட்’ என்றே போடுங்கள், பயமில்லை.

ஆறாம் படி: வாழ்க்கைப் பொருளில் வரும்போது நின்று யோசியுங்கள்

இந்த வழிகாட்டியை நான் எழுதுவதே இந்தப் படிக்காகத்தான்.

சில வருடம் முன்பு ஒரு மாணவிக்கு நர்ஸிங் படிப்பில் சேரப் பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவள் அம்மா கடலில் பாசி எடுக்கும் பெண். முகக்கண்ணாடி போட்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, இடுப்பில் பையோடு பாறைகளுக்கு நடுவே மூழ்கி மூழ்கி எழுபவர். கணவரைக் கடலில் இழந்தபின் அந்த உழைப்பில்தான் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார். “அம்மாவின் நிழலில் வளர்ந்த பெண்” என்று நெகிழ்ந்து நினைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் ‘ஷீ க்ரூ அப் இன் ஹெர் மதர்ஸ் ஷேடோ’ என்று எழுதினேன்.

நேர்காணலில் கடிதத்தைப் படித்தவர் அவளிடம் கேட்டாராம், “உன் அம்மா உன்னை முன்னுக்கு வர விடவில்லையா?” அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. தன் அம்மாவைப் பற்றி டீச்சர் தவறாக எழுதிவிட்டாரோ என்று திகைத்து, பதில் சொல்ல முடியாமல் அழுதுவிட்டாள். வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள், “எங்கம்மாவைப் பத்தி என்ன டீச்சர் எழுதுனீங்க?” அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. மறுநாளே அவள் அம்மாவைப் போய்ப் பார்த்து, என்ன எழுத நினைத்தேன், என்ன எழுதிவிட்டேன் என்று சொன்னேன். அவளுக்கு இடம் கிடைத்தது. அது அவளுடைய மதிப்பெண்ணால் கிடைத்தது.

தமிழில் ஒருவரின் நிழலில் வளர்வது பேறு. நிழல் என்றால் பாதுகாப்பு, அரவணைப்பு. ‘அண்ணன் நிழல்ல இருக்கேன்’ என்பவர் நன்றியோடு சொல்கிறார். இன்றைய ஆங்கிலத்தில் ‘இன் சம்ஒன்ஸ் ஷேடோ’ என்றால் அந்தப் பெரிய ஆளின் புகழால் மறைக்கப்பட்டு, தனக்கென்று பெயர் இல்லாமல் இருப்பது. புகழ்ச்சியாக நாம் நினைப்பது குறையாகப் போய்ச் சேர்கிறது. ‘ஷேட்’ என்று மாற்றினாலும் சரியாகாது. ‘புட் இன் த ஷேட்’ என்றால் ஒருவரை விஞ்சி மங்கச் செய்வது. ஆகவே இந்த இடத்தில் இரண்டு சொல்லையும் விட்டுவிட்டு, ‘அண்டர் ஹெர் மதர்ஸ் கேர்’ என்று எழுதுங்கள். பாதுகாப்பு என்றால் ‘ப்ரொடெக்‌ஷன்’. நான் அன்று எழுதியிருக்க வேண்டியது அதுதான்.

“ஆனால் டீச்சர், பைபிளில் ஷேடோ நல்ல பொருளில் வருதே” என்று ஓலைக்குடாப் பையன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. 91ஆம் சங்கீதத்தில் ‘சர்வவல்லவருடைய நிழலில் தங்குவான்’ என்று வருவது பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் ஷேடோ. 121ஆம் சங்கீதத்தில் கர்த்தர் உனக்கு நிழலாயிருக்கிறார் என்பது ஷேட். தமிழில் இரண்டும் நிழல். அதே நேரம் 23ஆம் சங்கீதத்தில் ஆங்கிலத்தில் மரணத்தின் ஷேடோ என்று இருப்பதைத் தமிழில் ‘மரண இருளின் பள்ளத்தாக்கு’ என்று பெயர்த்தார்கள். அங்கே நிழல் என்று போட்டிருந்தால் தமிழ்க் காதுக்கு அச்சம் வந்திருக்காது, இதமாக இருந்திருக்கும். பெயர்த்தவர்கள் நிழலின் தமிழ்க் குணம் தெரிந்தவர்கள். கீழக்கரைப் பள்ளிவாசல்களில் மறுமை நாளின் ‘அர்ஷின் நிழல்’, அதாவது இறைவனின் அரியணை நிழல் பற்றிச் சொல்வார்கள், ஆங்கிலத்தில் அதற்கு ஷேட் என்றே எழுதுகிறார்கள், வெயிலின் கடுமையிலிருந்து கிடைக்கும் மறைவு என்பதால். வேத நடையில் ஷேடோ பாதுகாப்பாகவும் வரும். நாம் எழுதும் கடிதத்திலும் விண்ணப்பத்திலும் அந்த நடை ஏறாது.

மற்ற சொல்லாட்சிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘வித்அவுட் அ ஷேடோ ஆஃப் டவுட்’ என்றால் துளி சந்தேகமும் இல்லாமல். ‘ஷேடோ’ வினையாக வந்தால் ஒருவரை விடாமல் பின்தொடர்வது. வேலை கற்க மூத்தவர் கூடவே இருப்பதற்கும் அதே சொல். எதிர்க்கட்சி அமைக்கும் நிழல் அமைச்சரவை ‘ஷேடோ கேபினெட்’. தோல்பாவைக் கூத்து ‘ஷேடோ பப்பெட்’, திரையில் தெரிவது உருவம் என்பதால். ‘அ ஷேட் டூ பிக்’ என்றால் கொஞ்சூண்டு பெரிது, சட்டை தைக்கிற இடத்தில் உதவும். ‘ஷேட்ஸ்’ என்று பன்மையில் பேச்சு வழக்கில் கறுப்புக் கண்ணாடி. இளைஞர்கள் எழுதும் ‘த்ரோ ஷேட்’ என்பது ஒருவரை நாசூக்காக மட்டம் தட்டுவது, அதைத் தேர்வில் எழுத வேண்டாம்.

‘இன் த ஷேடோ ஆஃப்’ என்பதற்கு, பெரிய ஒன்றின் காலடியில், மிக அருகில் என்றும் பொருள் உண்டு. ராமேஸ்வரம் கோபுரத்தடிக் கடைகளை ‘ஷாப்ஸ் இன் த ஷேடோ ஆஃப் த கோபுரம்’ என்று எழுதலாம். இரவில்கூட அது சரிதான். அங்கே வெயில் கணக்கு இல்லை.

ஏழாம் படி: இரண்டுமே இல்லாத இடம்

தமிழில் நிழல் என்று வந்தாலே ஆங்கிலத்தில் இந்த இரண்டில் ஒன்று வந்தாக வேண்டும் என்பதில்லை. தண்ணீரில் தலைகீழாகத் தெரியும் படகை நம் ஊரில் ‘படகு நிழல் தெரியுது’ என்போம். ஆங்கிலத்தில் அது ‘ரிஃப்ளெக்‌ஷன்’. நிறத்தோடு, பாய்மரத்தோடு தெரிந்தால் ரிஃப்ளெக்‌ஷன், வெறும் கறுப்பாகத் தெரிந்தால் ஷேடோ. சாலையோரப் பயணியர் நிழற்குடை ‘பஸ் ஷெல்டர்’. நிழற்படம் போட்டோ. நிழற்சாலை ‘அவென்யூ’.

எட்டாம் படி: எழுதிப் பாருங்கள்

கீழே உள்ளவற்றை விடையை மறைத்துக்கொண்டு முதலில் நீங்களே செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் தமிழ் வினையின் கீழே கோடு போடுங்கள்.

கரைவலை இழுத்து முடித்ததும் எல்லாரும் பூவரசு நிழலில் உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள். உட்கார்ந்து என்று வருகிறது, ஆகவே ‘இன் த ஷேட் ஆஃப் அ போர்ஷியா ட்ரீ’.

2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தின் நிழல் தண்ணீரில் விழுந்தது. விழுந்தது, ஆகவே ஷேடோ. நடுவில் 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குப் பகுதி மேலே ஏறும்போது அதன் ஷேடோவும் நகரும். ஆனால் காற்றில்லாத காலையில் கம்பி கம்பியாகத் தலைகீழாகத் தெரிந்தது என்றால் ரிஃப்ளெக்‌ஷன்.

மாலையில் எங்கள் நிழல் மணலில் நீண்டது. நீண்டது, ‘அவர் ஷேடோஸ்’. நாம் பலர் என்பதால் பன்மை.

புயலுக்குப் பிறகு தனுஷ்கோடி பழைய ஊரின் வெறும் நிழலாகிப் போனது. ரயிலும் தபால் நிலையமும் துறைமுகமும் இருந்த ஊர் உருவமிழந்து நிற்பதைச் சொல்கிறோம், ‘அ ஷேடோ ஆஃப் இட்ஸ் ஃபார்மர் செல்ஃப்’.

கடைசியாக ஒன்று, நான் மிகவும் விரும்பிக் கொடுக்கும் வாக்கியம். நங்கூரம் போட்ட வள்ளத்தின் நிழலில் மீன் நின்றது. வள்ளம் நகர்ந்ததும் நிழலைப் பார்த்து மீன் சிதறியது. இதை ஒரு மீனவர் வீட்டுப் பெண் கரும்பலகைக்கு முன் நின்று யோசிக்காமல் சொன்னாள். “டீச்சர், முதல்ல நிக்கிறது வெயிலுக்கு ஒதுங்கி. அது ஷேட். அப்புறம் ஓடுறது கறுப்பா ஒரு உருவம் வருதேன்னு பயந்து. அது ஷேடோ.” வள்ளம் ஒன்றுதான், கீழே கிடக்கும் நிழலும் ஒன்றுதான். அவள் சொன்னதை அப்படியே என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.